கதவு சாத்தாத கலியாணம்

"முசியே, அதத் தமிழ்ல படிங்க."

லூர்துநாயகி சத்தம் போடவில்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அது. கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. வாசலில் காற்றுக்குக் கதவு அடிக்காமல் செங்கல்லை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த சேவகனும் நிமிர்ந்து பார்த்தான்.

துணை மேயர் தனிஸ்லாஸ் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மார்புக்குக் குறுக்கே நீலம், வெள்ளை, சிவப்புப் பட்டை. கையில் சட்டப் புத்தகம். அதிலிருந்து கலியாணப் பிரிவுகளை மணமக்கள் முன்னால் வாசித்துவிட்டு, "சம்மதமா?" என்று கேட்க வேண்டியது அவர் வேலை. பையன் 'உய்', ஆமாம், என்பான், பெண் 'உய்' என்பாள், கையெழுத்து, கைகுலுக்கல், அவ்வளவுதான். அவர் முன்னால் நின்ற பெண்களில் அழுதவர்கள் உண்டு, மயங்கி விழுந்தவள்கூட ஒருத்தி உண்டு. எவளும் வாயைத் திறந்து எதையும் கேட்டதில்லை.

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை கன்னியப்பன் உதடு அசையாமல் சொன்னார்:

"நாயகி, வேணாம்னு சொன்னேன்ல. இத மட்டும் கேக்காதன்னு சொன்னேன்ல."

சொன்னார்தான். வாரம் பூராவும் சொன்னார்.

நாயகி குருசுக்குப்பத்துப் பெண். அப்பா அந்தோணி, கப்பலிலிருந்து படகில் சரக்கு இறக்குகிறவர். அம்மா ஆரோக்கியம், மீன் விற்றுப் பெண்ணைப் படிக்க வைத்தவள். அந்தத் தெருவில் பக்கலொரேயா என்கிற பிரெஞ்சுப் பள்ளியிறுதிப் பரீட்சை தேறியவள் நாயகி ஒருத்திதான். அதற்குமுன் அந்த வீட்டில் கைநாட்டைத் தவிர வேறெதுவும் எழுதப்பட்டதில்லை. தாத்தா ஒரு காலத்தில் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறுகிறேன் என்று கைநாட்டு வைத்தார். மாறுகிறவன் குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டுமாம். என்ன பெயர் என்று எழுத்தர் கேட்க, தாத்தா முழிக்க, அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பதால் 'மர்தி' என்று எழுதிவிட்டார் எழுத்தர். குடும்பமே அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் அவளைப் பார்த்து, "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்தவர்களையெல்லாம் கணக்கில் முந்தினாள். அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த பதில்.

கன்னியப்பன் அச்சுக்கூடத்தில் புரூப் பார்க்கிறவர். ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் சாப்பாடு இறங்காது அவருக்கு. சாயங்காலங்களில் சுயமரியாதைக் கூட்டங்களில் பேசுவார். நாயகி முதலில் கேட்டது அந்தப் பேச்சைத்தான். ஆளைப் பார்த்தது அப்புறம்.

"ஐயர் மந்திரம் சொல்றாரு. உனக்குப் புரியுதா? இல்ல. பொண்ணுக்குப் புரியுதா? இல்ல. புரியாத பாஷையில நம்மள என்னா சொல்லிக் கட்டிவைக்கிறான்னே தெரியாம நாம மாடு மாதிரி தலையாட்டுறோம். அர்த்தத்தத் தமிழ்ல சொன்னா அந்தப் பொண்ணு மணையில உக்காந்திருப்பாளா?"

மைதானமே கைதட்டியது. நாயகி கைதட்டவில்லை, கைதட்ட மறந்து நின்றாள். மாதா கோவிலில் தங்களுக்கென்று ஒதுக்கிய ஓரத்தில் முட்டி போட்டு, இலத்தீனில் என்னவென்று தெரியாததற்கெல்லாம் ஆமென் சொல்லி வளர்ந்தவள் அவள். யாரோ தன் வீட்டுக்குள் வந்து விளக்கை ஏற்றியதுபோல் இருந்தது.

இரண்டு வருஷம் பழகினார்கள். கலியாணம் என்று பேச்சு வந்தபோது ஐயரும் இல்லை, சாமியாரும் இல்லை என்பதில் இருவருக்கும் ஒரே மனசு. ஆனால் வெறும் மாலை மாற்றிக்கொண்டு போய்விட நாயகி சம்மதிக்கவில்லை. காரணம், கன்னியப்பனின் தங்கை மணியம்மாள்.

மணியம்மாள் எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் சீமையில், மேடையில் மாலை மாற்றிக் கலியாணம் செய்துகொண்டவள். அப்படி ஒரு கலியாணம் அந்த ஊரில் அதுதான் முதல். புருஷன் காய்ச்சலில் போனதும் அவன் அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஓமம் உண்டா, சடங்கு உண்டா, யார் நடத்திவைத்தது என்று வக்கீல் கேட்டான். ஊரே பார்க்க நடந்தது என்றாள் மணியம்மாள். ஊர் பார்த்தால் கலியாணம் ஆகாது என்றது கோர்ட்டு. வீடு போனது. அதைவிட, இடுப்பில் இருந்த பெண்குழந்தைக்கு அப்பன் பெயர் போனது. அண்ணன் வீட்டுக்கு வந்தவள், யாராவது "வீட்டுக்காரர் என்ன ஆனார்?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வாள்.

"சட்டம் ஒத்துக்கணும்," என்றாள் நாயகி. "சாமி வேணாம். ஆனா சட்டம் வேணும். நாளைக்கு என் புள்ளய எவனும் அப்படிச் சொல்லக் கூடாது."

புதுச்சேரியில் அதற்கு ஒரு சந்து இருந்தது. இங்கேயும் இந்துவுக்கு இந்து வழக்கம், கிறிஸ்தவனுக்குக் கோவில் என்றுதான் இருந்தது. யாரோ மந்திரம் சொல்லி நடத்திவைத்ததை மேரியில் பதிவார்கள், அவ்வளவுதான். மேரி என்றால் கடற்கரையில் இருக்கிற நகரமன்றக் கட்டடம். ஆனால் நாயகியின் தாத்தாவைப் போல, சாதி வழக்கமும் வேண்டாம், மத வழக்கமும் வேண்டாம், பிரெஞ்சுச் சட்டமே போதும் என்று கையெழுத்துப் போட்டவர்கள் இருந்தார்கள். ரெனோன்சான் என்பார்கள். அவர்களுக்கு மேயர் முன்னால் நடப்பதுதான் கலியாணம். அதில் சாமி பெயரே வராது.

கன்னியப்பன் சந்தோஷத்தில் குதித்தார். உடனே போய்க் கையெழுத்துப் போட்டு ரெனோன்சான் ஆனார். குடும்பப் பெயர் கேட்டபோது சமத்துவத்துக்கான பிரெஞ்சு வார்த்தையைச் சொன்னார். "அது பேர் இல்லீங்க, ஆபீசு வாசல்ல எழுதியிருக்கிற வார்த்தை," என்று எழுத்தர் தகராறு செய்ய, கடைசியில் 'எகால்' என்று முடிந்தது. பிரெஞ்சில் 'சமம்'. கூட்டத்துக்குக் கூட்டம் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார். "கன்னியப்பன் சமம்! எவன் வச்சிக்கினு இருக்கான் இப்படி ஒரு பேரு?"

போன ஞாயிற்றுக்கிழமைதான் நாயகி அந்தச் சட்டப் புத்தகத்தைப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியையிடம் இரவல் வாங்கிப் புரட்டினாள். எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்துகொள்ளத்தானே படிப்பு. கலியாணத்தன்று உரக்க வாசிக்க வேண்டிய பிரிவுகள் எவை என்றுகூட அதிலேயே இருந்தது. வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அம்மா கழுவிக்கொண்டிருந்த மீனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கடல் பாலத்துப் பக்கம் மணலில் உட்கார்ந்து கன்னியப்பனிடம் சொன்னாள்.

"இருநூத்திப் பதிமூணாவது பிரிவு. புருஷன் பொண்டாட்டியப் பாதுகாக்கணும். பொண்டாட்டி புருஷனுக்குக் கீழ்ப்படியணும். அப்படியே இருக்கு."

"தெரியும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "தெரியுமா?"

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே படிச்சேன். ஒரு வரிதானே நாயகி. அவரு முணுமுணுன்னு வாசிப்பாரு. யாருக்குப் புரியப் போவுது? நீ 'உய்' சொல்லிடு. வீட்டுக்கு வந்தா நான்தான் உனக்குக் கீழ்ப்படியப் போறேன்." சிரித்தார். நல்ல சிரிப்பு அவருக்கு.

"ஐயரு மந்திரமும் ஒரு வரிதான். அதுவும் முணுமுணுன்னுதான் சொல்வாரு."

"அதுவும் இதுவும் ஒண்ணா? அது பொய். இது சட்டம்."

"சட்டம்ங்கறதாலதான் பயமா இருக்கு."

கன்னியப்பன் சிரிப்பை நிறுத்தினார். "இத பாரு. அங்க வந்து இதப் பத்தி ஒரு வார்த்தை கேக்காத. கடலூர்லேருந்து தோழருங்க வராங்க. சுப்பிரமணியன் பேசறதுக்குக் குறிப்பெல்லாம் எழுதி வச்சிருக்காரு. ஐயரு இல்லாத கலியாணத்தச் சட்டம் ஏத்துக்கிடுச்சின்னு நாலு ஊருக்குக் காட்டப் போறோம். அந்த நேரத்துல நீ எதையாவது கெளப்பி விட்டுடாத. வேற என்னா வேணாலும் கேளு."

நாயகி ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பேசாமல் இருக்கிற பெண்ணுக்குச் சம்மதம் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறதோ தெரியவில்லை, எல்லா ஆண்களும் அதைப் படித்திருக்கிறார்கள்.

இதெல்லாம் போன வாரத்துக் கதை. இப்போது துணை மேயர் தொண்டையைச் செருமினார்.

"மத்மொசேலுக்குப் பிரெஞ்சு நல்லாத் தெரியுமே. பரீட்சையில என் மவனவிட மார்க்கு அதிகம். ஒங்களுக்கு எதுக்குத் தமிழ்?"

"எனக்கு வேணாம் முசியே. இவங்களுக்கு வேணும்." பின்னால் கையைக் காட்டினாள். முன்வரிசையில் அப்பாவும் அம்மாவும். அம்மா மடியில் மறைத்து வைத்த செபமாலையோடு. அடுத்து மணியம்மாள், மடியில் குழந்தை. பின்னால் தோழர்கள், வெள்ளைச் சட்டைகளோடு நாற்காலி முழுக்க. "கலியாணம் முடியற வரைக்கும் கதவச் சாத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல?"

"இருக்கு."

"ஏன்?"

"மறைவா நடக்கக் கூடாது. ஊருக்குத் தெரியணும்."

"கதவு தொறந்திருக்கு. ஆனா ஊருக்கு ஒண்ணும் தெரியலியே. கடல் காத்துக்குத் தொறந்து வச்ச மாதிரில்ல இருக்கு."

வெள்ளைச் சட்டைகளில் யாரோ சிரித்தார்கள். சுப்பிரமணியன் எழுந்தே விட்டார். "சரியான கேள்வி! புரியற பாஷையில கலியாணம், அதானே நம்ம கொள்கை! தோழர் மணமகள் கேக்கறது நியாயந்தான்!"

துணை மேயருக்குக் கோபம் வரவில்லை. சாயங்காலம் கிளப்பில் சொல்ல ஒரு கதை கிடைத்த முகம்தான் அது. "எனக்குத் தமிழ் பேச வரும், சட்டம் வராது. மாப்பிள்ளைதான் மேடைப் பேச்சாளராச்சே, புரூப்பு பாக்கறவரு வேற. நான் பிரெஞ்சுல வாசிக்கிறேன், அவரு தமிழ்ல சொல்லட்டும். யாருக்கும் ஆட்சேபம் உண்டா?"

யாருக்கும் இல்லை. அவர் வாசித்துவிட்டு, புத்தகத்தைத் திருப்பி மேசைமேல் வைத்து, அந்த இடத்தில் விரலை ஊன்றினார்.

கன்னியப்பன் குனிந்து பார்த்தார். நாயகி அவரைப் பார்த்தாள்.

அவளுக்கு அந்த நிமிஷத்தில் வேண்டியிருந்தது ரொம்பக் கொஞ்சம். சட்டம் இன்றைக்கு மாறிவிடாது, அது அவளுக்குத் தெரியும். அந்த வரியை உள்ளபடி சொல்லிவிட்டு, 'இந்த வரி எங்க ரெண்டு பேருக்கும் வேணாம், வேற வழி இல்லாம நிக்கிறோம்' என்று அவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இத்தனை பேர் முன்னால், கதவு திறந்திருக்கும்போது. 'உய்' தொண்டைவரை வந்து நின்றிருந்தது. மணியம்மாளுக்குக் கிடைக்காத அந்தக் காகிதம் கைக்கெட்டும் தூரத்தில், மேசைமேல், மைக்கூட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

கன்னியப்பன் நிமிர்ந்தார். மேடைக்குரல் வந்தது.

"கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் உண்மையாகவும் உதவியாகவும் இருக்க வேண்டும். கணவன் மனைவியைப் பாதுகாக்க வேண்டும். மனைவி கணவனுக்குத் துணையாக இருக்க வேண்டும்."

கைதட்டல் கூரையில் மோதியது. "கேட்டீங்களா!" என்றார் சுப்பிரமணியன். "துணை! அடிமைன்னு இல்ல, துணை!" ஆரோக்கியம் பக்கத்திலிருந்தவளிடம், "நல்லாத்தான் சொல்றாங்க, நம்ம சாமியாரு சொல்ற மாதிரியே கீது," என்றாள்.

துணை மேயர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பிரெஞ்சு தெரியும். திருத்தவில்லை.

ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போனால் சாப்பாடு இறங்காத மனுஷன். தனக்கு ஆத்திரம் வரும் என்று நாயகியே எதிர்பார்த்தாள். வரவில்லை. சுரத்துக்குப் பிறகு உடம்பு குளிர்ந்து போவதுபோல் எல்லாம் தெளிவாக இருந்தது.

"அது இல்ல அதுல இருக்கறது," என்றாள்.

கைதட்டல் நின்றது.

"மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும். அதான் இருக்கு. துணை கிணை ஒண்ணும் இல்ல. முசியே, நான் சொல்றது சரியா?"

துணை மேயர் பட்டையைச் சரிசெய்தபடி, "சரிதான்," என்றார்.

ஆரோக்கியம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "இதுக்கா இவ்ளோ ரகள? கீழ்ப்படியறதுதானடி? ஒலகத்துல இல்லாததா? நான் ஒங்கப்பனுக்குக் கீழ்ப்படியல?"

"நீ எங்கடி கீழ்ப்படிஞ்ச?" என்றார் அந்தோணி. "இன்னிக்கி வேட்டிகூட நீ எடுத்துக் குடுத்ததத்தானே கட்டிக்கினு வந்தேன்."

கூடம் கொல்லென்று சிரித்தது. நாயகியும் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியபோது கன்னியப்பன் முகம் சிவந்து, காதோரம் வியர்த்திருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"ஊர் ஊரா இதுக்கு எதிராப் பேசுனவன் நான். அந்த வார்த்தைய இவங்க முன்னாடி என் வாயாலயே எப்படிச் சொல்லுவேன்? எனக்கு வெக்கமா இருக்காதா?"

"ஐயருக்கும் அதான் கஷ்டம்," என்றாள் நாயகி. "அதனாலதான் அவரு வடமொழியில சொல்லிட்டுப் போயிடறாரு."



"நாயகி." மணியம்மாள் குழந்தையோடு எழுந்து வந்திருந்தாள். எப்போதும் சத்தமே வராத குரல். "எங்கண்ணன் சொன்னது தப்புதான். ஆனா நீ 'உய்'னு சொல்லிட்டுப் போயிடு. அந்தக் காயிதத்த வாங்கிக்க. காயிதம் இல்லாம நான் படறது போதாதா? கீழ்ப்படியறதும் கீழ்ப்படியாததும் வீட்டுக்குள்ள. காயிதம்தான் வெளிய நிக்கும்."

குழந்தை நாயகியின் மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்து வாயில் வைத்தது. நாயகி அதை மெல்ல வாங்கிப் போட்டாள்.

"நீ சொல்றது சரி மணியம்மா," என்றாள். "காயிதத்துக்காகத்தான் வந்தேன். அவரு உள்ளதச் சொல்லியிருந்தா வாங்கிக்கினு போயிருப்பேன். சட்டம் என்னை ஏமாத்தல. என்னா செய்யச் சொல்லுதுன்னு முகத்துக்கு நேரா எழுதி வச்சிருக்கு. நாளைக்கு எனக்குப் புரியாத எடத்துல எல்லாம் இவரு எனக்கு 'துணை'ன்னு படிச்சிக் காட்டுவாரு. பிரெஞ்சு தெரிஞ்சதால இன்னிக்குக் கண்டுபுடிச்சேன். எல்லாத்தையும் நானே படிச்சிக்கினு இருக்க முடியுமா?"

"தோழர் மணமகள் கொஞ்சம் யோசிக்கணும்," என்றார் சுப்பிரமணியன். பேச்சுக் குறிப்பு அவர் கையில் சுருண்டிருந்தது. "தனிப்பட்ட விஷயத்தப் பாத்தா இயக்கத்துக்கு..."

"நீங்க அந்தக் குறிப்பப் பேசுங்க தோழர். நல்ல குறிப்புதான். 'புரியற பாஷையில கலியாணம்.' அதத்தான் நான் கேட்டேன்."

துணை மேயர் மேசையைத் தட்டினார். "இப்ப நான் கேக்க வேண்டியதக் கேக்கணும். கேக்காம விட முடியாது." எழுந்து நின்று, பட்டையை நேராக்கி, கன்னியப்பன் எகால் லூர்துநாயகி மர்தியை மனைவியாக ஏற்கச் சம்மதமா என்று பிரெஞ்சில் கேட்டார்.

கன்னியப்பன் நாயகியைப் பார்த்தார். "தப்புதான்," என்றார். "இப்ப நேராச் சொல்லிடறேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"இப்ப நான் சொல்லிட்டேன். நீங்க சொல்றதுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல."

அவர் தலை குனிந்து, "உய்," என்றார். அந்த ஒரு சொல்லில் பொய் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் கொஞ்சம் வலித்தது.

பிறகு அவள் முறை. தனிஸ்லாஸ் கேள்வியை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். தப்பித்துக்கொள்ள இடம் விட்டது போலிருந்தது, யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

"நோன், முசியே," என்றாள் லூர்துநாயகி. பிறகு கூடத்தின் பக்கம் திரும்பினாள். பின்வரிசைக்கும் கேட்க வேண்டுமே. "சம்மதம் இல்லன்னு சொன்னேன்."

மாலையைக் கழற்றினாள். மேசைமேல் சட்டப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள், எறியவில்லை. அம்மா, "அடியே, இன்னாடி இது," என்று எழுந்திருப்பதும், அப்பா அவள் கையைப் பிடித்து, "உடு. வூட்ல பேசிக்கலாம்," என்று உட்கார வைப்பதும் காதில் விழுந்தன. மணியம்மாளின் குழந்தை பூவுக்காக அழ ஆரம்பித்திருந்தது.

சேவகன் கதவோரம் நின்றான். பெண் போய்விட்டால் கதவைச் சாத்துவதா வேண்டாமா என்ற குழப்பம் அவன் முகத்தில். செங்கல்லைக் காலால் தள்ளப் போனான்.

"அது இருக்கட்டும், அண்ணே," என்றாள் நாயகி. "இன்னும் முடியல. உள்ள பேசிக்கினு இருக்காங்க."

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள். வெயில் ஏறியிருந்தது. திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு ஆரம்பிக்க வேண்டும். கடலை வலது பக்கம் வைத்துக்கொண்டு, குருசுக்குப்பத்தைப் பார்த்து நடந்தாள்.